கண்ணைச் சின்னதாக்கு

போன வாரம் தினேஸ்வரியைச் சாப்பாட்டு மேசையில் அழவிட்டுவிட்டு நாம் பாட்டுக்கு நம் வேலையைப் பார்க்கப் போய்விட்டோம். கவலை வேண்டாம், அவள் அழுது முடித்துவிட்டாள். முகத்தைக் கழுவி, கொண்டையை இறுக்கி முடிந்துகொண்டு, வெள்ளிக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கே டேப்லெட்டின் முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

எதற்காக அழுதாள் என்று மறந்துபோனவர்களுக்கு ஒரு வார்த்தை. அவளுடைய அண்ணன் கோகிலன் கையுறைத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். ஷிப்ட் முடிந்த நேரத்தில் உட்கார்ந்து ஆறு வருடமாக அவன் எழுதிய கதை ‘ஒன்பதாம் டிவிசன்’. சூரியன் எட்டியே பார்க்காத ஒரு கோளில், சுரங்கத்துக்குள் வளரும் இரும்பு மரங்களுக்கு மருந்தடித்துப் பிழைக்கும் கூலிகளின் கதை. விண்கலம் உண்டு, கம்பெனி உண்டு, பக்கத்துக்குப் பக்கம் சாவு உண்டு. சிரிப்பு மட்டும் கிடையாது.

அதற்குப் படம் வரைந்தவள் தினேஸ்வரி. பார்த்துக்கொண்டிருந்த பேனர் கடை வேலையை விட்டுவிட்டு, பதினான்கு மாதம் குனிந்த தலை நிமிராமல் நூற்றுப்பத்துப் பக்கம் போட்டாள். எல்லாம் ஜப்பான் அனிமே பாணி. முகத்தில் பாதி கண்.

போன வாரம் அண்ணன்காரன் அந்தப் பக்கங்களுக்குப் பக்கத்தில், யுகேந்திரன் என்று கோலாலம்பூர் ஓவியர் ஒருவரின் மாதிரிப் படங்களைக் கொண்டுவந்து வைத்தான். அச்சு அசல் மனிதர்கள். ஒட்டிய கன்னம், குழி விழுந்த கண், வெடித்த உதடு.

“கண்ணைச் சின்னதாக்கு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள மொத பன்னெண்டு பக்கம் எனக்குக் காட்டு. இல்லாட்டி அட்டையில யுகேந்திரன் பேருதான்,” என்றான்.

இதில் அழுவதற்கு என்ன இருக்கிறது என்று யாரும் கேட்க வேண்டாம். கதையின் நாயகி நவமணி வேறு யாருமில்லை, இவர்களைப் பெற்ற தாய் பாப்பாதான். பீடோருக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலை பார்த்தவள். காற்று திரும்பி வீசிய ஒரு காலையில் கண்ணிலும் நெஞ்சிலும் மருந்தை வாங்கிக்கொண்டு, மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்து செத்தாள். கோகிலனுக்கு அப்போது பத்து வயது, தினேஸ்வரிக்கு இரண்டு. தாய்க்கென்று அவள் செய்திருக்கும் ஒரே காரியம் இந்த நூற்றுப்பத்துப் பக்கம். அதையும் பிடுங்கிக்கொண்டால் அவளிடம் அம்மா என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் மிச்சமிருக்காது.

கண்ணைச் சின்னதாக்குவது பெரிய வித்தை ஒன்றுமில்லை. கண்ணைச் சுற்றி ஒரு கோடு இழுத்து, மூலையைப் பிடித்து உள்ளே தள்ளினால் சுருங்கிவிடும். முதல் பக்கத்தில் நவமணியின் இரண்டு கண்ணையும் சுருக்கினாள். நெற்றி மைதானமாகக் கிடந்தது. மூக்கென்று வைத்திருந்த புள்ளி போதாமல் போயிற்று. மூக்கைச் சரி செய்தாள், கன்னத்தை இழுத்தாள், தாடையை இறக்கினாள். முக்கால் மணி நேரத்தில் நவமணி போய், யாரோ பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்த பெண் வந்துவிட்டாள்.

பரவாயில்லை, பழகிவிடும் என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போனாள்.

ஏழரை மணிக்கு அப்பா ராமையா வேலை முடிந்து வந்தார். ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் இரவு ஜாகா அவர், காவல் வேலை. வந்ததும் சட்டையைக் கூடக் கழற்றாமல், தொலைக்காட்சிக்கு மேலே மாட்டியிருந்த மனைவியின் படத்துக்கு விளக்கேற்றினார். அது அவருடைய தினப்படி வழக்கம்.

“தூங்கலையாம்மா?”

“இல்லப்பா. கண்ணு மாத்திக்கிட்டு இருக்கேன்.”

“அவன் சொன்னா சொல்லிட்டுப் போறான். ஒடம்பக் கெடுத்துக்காத.”

“அவன் சொன்னா புஸ்தகமே வேற ஆளு கைக்குப் போயிரும்பா.”

ராமையா அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டார்.

நான்காம் பக்கத்தில்தான் அவளுக்குக் கை நின்றது. அந்தக் கோளில் வேலைக்குப் போகிறவர்கள் எல்லாரும் முகமூடி போடவேண்டும். வாய், மூக்கு எல்லாம் மூடிவிடும். கண்ணுக்கு நேரே கையகலக் கண்ணாடி மட்டும் இருக்கும். அந்தக் கண்ணாடிக்குள் சுருங்கிய கண்ணை வைத்துப் பார்த்தாள். இரண்டு மிளகை ஒட்டிவைத்த மாதிரி இருந்தது. பயம் இல்லை, பாசம் இல்லை, ஆளே இல்லை. சுரங்கத்துக்குள் நிற்கும் முப்பது பேரில் எவள் நவமணி என்று வரைந்தவளுக்கே தெரியவில்லை.

பத்து மணிக்குள் ஏழு முகத்தை மாற்றினாள். பத்தரைக்குள் ஏழையும் அழித்தாள். பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் நஸ்ரியாவைக் கூப்பிட்டாள்.

நஸ்ரியா இந்தப் புத்தகத்தைப் போடப்போகும் பதிப்பாளர். பாரிட் புந்தார்க்காரி, கோலாலம்பூரில் சின்னதாக ஒரு பதிப்பகம் நடத்துகிறாள். மனசில் பட்டதை மறைக்கத் தெரியாதவள்.

“அக்கா, அண்ணங்கிட்ட நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க.”

“ரெண்டு வார்த்தையே சொல்லியாச்சு தினேஸ். எனக்கு ஒன் படம் பிடிச்சிருக்கு. ஆனா கதை அவரோடது. அவரு யாரச் சொல்றாரோ அவங்க பேரத்தான் நான் போடமுடியும்.”

“பேஸ்புக்ல மூணு பக்கம் போட்டீங்களே. படிச்சவங்க என்ன சொன்னாங்க?”

“உண்மைய சொல்லவா, உனக்காக சொல்லவா?”

“உண்மைய சொல்லுங்க.”

“பாதிப் பேரு நல்லாருக்குங்கறாங்க. பாதிப் பேரு, சின்னப் புள்ளைங்க கார்ட்டூன்ல எதுக்கு இவ்வளவு சாவுன்னு கேக்கறாங்க. ஒருத்தர் எழுதியிருக்காரு, நவமணி செத்துக் கெடக்கும்போதுகூட அழகா இருக்கா, அதனால எனக்கு அழுக வரலன்னு.”

தினேஸ்வரிக்கு அது நெஞ்சில் போய்க் குத்தியது. அழகாக இருப்பதற்காக அவள் போடவே இல்லையே.

“எல்லாருமே அப்படித்தான் சொல்றாங்களா?”

“ஒரு அம்மா எழுதியிருந்தாங்க. அந்தப் பொண்ணு கண்ணு என்னையே பாத்துச்சு, அடுத்த பக்கம் திருப்ப பயந்துபோயி அங்கேயே மூடிட்டேன்னு.”

“அத அண்ணங்கிட்ட சொன்னீங்களா?”

“சொன்னேன். ஒருத்தர்தானேன்னு சொல்லிட்டாரு.”

“ஒரு வாரம் தள்ளி வைங்கக்கா. ஒரே ஒரு வாரம். நான் பேசி சம்மதிக்க வச்சிருவேன்.”

“பக்கத்தக்கூட நான் எப்படியாவது திங்கக்கிழமை வரைக்கும் இழுப்பேன். அட்டை இன்னிக்கு அஞ்சு மணிக்குப் போயாகணும்லா. இன்னிக்கு விட்டா பிரஸ்ஸுல வருசக் கடைசிதான். அப்ப இந்தப் புஸ்தகத்தை எவனும் சீண்டமாட்டான். மன்னிச்சுக்க தினேஸ்.”

போனை வைத்தபிறகு தினேஸ்வரி கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்கள் குடியிருக்கும் குனோங் ராபாட்டில் எல்லா வீட்டு ஜன்னலுக்கும் வாய்த்த காட்சிதான், பாதி வெட்டிய சுண்ணாம்புக் குன்று. அவளுக்கு அது கண்ணில் பட்டதா என்பதே சந்தேகம். அண்ணன் காலில் விழுந்தால் என்ன என்று யோசித்துக்கொண்டிருந்தாள். முப்பது வயதில், படித்த பெண், அதைத்தான் யோசித்தாள்.

ஒரு மணிக்குக் கோகிலன் தொழிற்சாலைக்கு அரைநாள் சூட்டி போட்டுவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு மீகோரேங் மூன்று பொட்டலத்தோடு வந்தான். பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டு நேரே விஷயத்துக்கு வந்தான்.

“எத்தன முடிஞ்சுச்சு?”

“ஏழு மூஞ்சி.”

“காட்டு.”

“அழிச்சிட்டேன்.”

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். கோபப்படுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் களைத்துப்போய்த் தெரிந்தான்.

“தினேஸ், ஒன்ன அழவைக்கணும்னு நான் இதச் செய்யல. இது என்ன கதைன்னு நீ யோசி. மருந்து உள்ள போயி, நெஞ்சு வெந்து சாவற கதை. நீ போட்டு வச்சிருக்கறது பொம்ம. மூக்கு ஒரு புள்ளி, வாயி ஒரு கோடு. இருமும்போதுகூட முடி அழகா பறக்குது.”

“முடிய எடுத்துறேன்.”

“முடி இல்லலா. கண்ணு.”

“அண்ணே, எல்லாரும் மாஸ்க் போட்டுருக்காங்கன்னு எழுதுனது நீதான. வாயி தெரியாது, மூக்கு தெரியாது. அப்புறம் படிக்கிறவன் எதப் பாப்பான்? டனல் கறுப்பு, மரம் கறுப்பு, வானம் கறுப்பு. அதுக்குள்ள ஆளுங்களையும் ஒடுங்கிப்போயி, கண்ணு குழி விழுந்து போட்டா, மொத பக்கத்துலயே அவங்க செத்துட்டாங்கன்னு ஆயிரும். செத்தவங்கள மறுபடியும் கொன்னா யாரு அழுவா?”

கோகிலன் யுகேந்திரனின் படத்தை எடுத்துப் பார்த்தான். பிறகு அவள் டேப்லெட்டைத் தன் பக்கம் திருப்பினான்.

“ஒண்ணு சொல்லு. இந்தக் கண்ணுக்குள்ள ரெண்டு வெள்ளப் புள்ளி வச்சிருக்கியே, அது என்ன?”

“வெளிச்சம்.”

“எங்கேருந்து வருது?”

அவள் அந்தக் கண்ணைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

“அந்த ஊர்ல சூரியன் கெடையாது. வெளக்கு கம்பெனிக்காரன் பங்களாவுல மட்டும்தான். சுரங்கத்துக்குள்ள இவ கண்ணுல மட்டும் எப்படி வெளிச்சம் விழும்? எல்லாப் பக்கத்துலயும் வச்சிருக்க. சாவற பக்கத்துலகூட.”

“அது இல்லாட்டி கண்ணு செத்துரும்ணே.”

“சாகட்டும். சாவற கதைதான இது.”

நியாயமான கேள்விதான். அனிமே போடுகிறவர்கள் யாரும் அந்தப் புள்ளியை விடமாட்டார்கள், ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்று அவளை யாரும் இதுவரை கேட்டதில்லை. பதில் கிடைக்காத ஆத்திரத்தில், இத்தனை வருடமாக வெளியே சொல்லாமல் வைத்திருந்ததை அவள் சொல்லிவிட்டாள்.

“நான் என்ன ஜப்பான்காரன் கண்ணையா போட்டேன்? இது அம்மா கண்ணுண்ணே.”

கோகிலன் நிமிர்ந்தான்.

“ஸ்கூல்ல படிக்கறப்பலேருந்து அந்தப் படத்தப் பாத்துத்தான் நான் கண்ணு போடறேன். அப்புறந்தான் அனிமே பாத்தேன். அட, நம்ம அம்மா மாதிரியே போடறாங்களேன்னுதான் எனக்கு அது பிடிச்சது. அம்மாவுக்குக் கண்ணு பெருசு. உள்ள புள்ளி இருக்கு. நீயே பாரு.”

தொலைக்காட்சிக்கு மேலே பாப்பா பிளாஸ்டிக் மல்லிகை மாலைக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அகலமான, கறுத்த, பளபளவென்ற கண்கள்.

கோகிலனுக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. எழுந்து போய், மாலையைக் கழற்றி, படத்தை ஆணியிலிருந்து எடுத்து அவள் மடியில் வைத்தான்.

“நீ படம் போடறவ. நல்லா பாரு. வெளிச்சம் எந்தப் பக்கத்துலேருந்து விழுது?”

பார்த்தாள். வலது கன்னம் வெளுத்திருந்தது, இடது கன்னம் நிழல்.

“இங்கேருந்து.”

“புள்ளி எந்தப் பக்கம் இருக்கு?”

புள்ளி நிழல் பக்கம் இருந்தது. இரண்டு கண்ணிலும் வெளிச்சத்துக்கு எதிர்ப்பக்கம். இமையின் விளிம்பில் மெல்லிய கோடு, தூரிகை தூக்கிய இடத்தில் கொஞ்சம் தடித்திருந்தது. நினைவு தெரிந்த நாளிலிருந்து தினமும் பார்த்த படம். படம் போட்டுப் பிழைப்பவள் அவள். ஒரு நாள்கூட இதைப் பார்க்கவில்லை.

“யாரு போட்டது இது?”

“பீடோர் ஸ்டூடியோக்காரரு. பிரஷ்ஷால. அம்மா அப்ப செத்து அஞ்சு மணி நேரம் ஆயிருச்சு. கண்ணு மூடியிருந்துச்சு.”

அந்தக் காலத்துத் தோட்டப்புறத்தில் பல வீடுகளில் நடந்ததுதான். உயிரோடு இருக்கும்வரை பொம்பளை ஆளைப் படம் எடுக்க யாருக்கும் தோன்றாது. மூச்சு நின்றபிறகு டவுனுக்கு ஆள் போய் ஸ்டூடியோக்காரரை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வரும். சாய்த்து உட்காரவைத்து, சுற்றி வீட்டு ஆட்கள் நிற்க ஒரு படம். அதிலிருந்து முகத்தை மட்டும் பெரிதாக்கி, மூடிய இமைமேல் கண்ணை வரைந்து, சட்டம் போட்டுத் தருவார். பாப்பாவுக்கு வேறு படமே கிடையாது. அடையாள அட்டையை மரணப் பதிவின்போது வாங்கிக்கொண்டார்கள். கல்யாணப் படம் லயத்து வீட்டில் கரையான் தின்றது.

தினேஸ்வரி நூற்றுப்பத்துப் பக்கத்தில் ஆயிரம் கண்ணாவது போட்டிருப்பாள். ஒவ்வொன்றையும் அம்மா என்று நினைத்துப் போட்டாள். அத்தனையும் பெயர் தெரியாத ஒரு ஸ்டூடியோக்காரர் அவசரத்தில் வைத்த கண்.

“ஏன்ணே எங்கிட்ட சொல்லல?”

“அப்பா சொல்ல வேணாம்னாரு.”

“நான்தான் சொல்ல வேணாம்னேன்,” என்றது வாசல் பக்கமிருந்து ஒரு குரல். ராமையா இடுப்பில் கட்டிய சாரத்தைப் பிடித்துக்கொண்டு அறை வாசலில் நின்றார். எவ்வளவு நேரமாக நின்றாரோ.

“அந்த ஆளு எங்கிட்டதான் கேட்டாரு, கண்ணு எப்படிப் போடணும்னு. நல்லா பெருசா போடுங்கன்னு சொன்னேன். நீ அப்ப கைப்புள்ள மாதிரி. பெரியவளாயி அண்ணாந்து பாக்கறப்ப, பெத்தவ ஒன்ன முழுசா பாக்கணும்ல. அதுக்குத்தான்.”

அவள் அப்பாவைப் பார்த்தாள். கோபித்துக்கொள்ள மனசு வரவில்லை. அவர்மேல் பரிதாபமும் தன்மேல் அருவருப்புமாக இருந்தது.

“சரிப்பா. அப்ப நெசக் கண்ணு எப்படி இருக்கும்? நீங்க சொல்லுங்க, நான் அதப் போட்டுக்கறேன். மணி ரெண்டுதான் ஆவுது. பன்னெண்டு பக்கமும் போட்டுருவேன்.”

டேப்லெட்டில் புதுப் பக்கம் திறந்து, பேனாவை எடுத்துக்கொண்டு அவர் காலடியில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு ஒரு வழி கிடைத்த மாதிரி இருந்தது. அண்ணனும் அதைத்தானே கேட்கிறான், உண்மையான கண்ணை.

ராமையா நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தார்.

“பெருசாத்தான்…” என்று ஆரம்பித்தார். நிறுத்தினார். “இல்ல, ரொம்பப் பெருசுன்னு சொல்லமுடியாது. நல்லா…”

“ஓரம் மேல ஏறியிருக்குமா, எறங்கியிருக்குமாப்பா? இமை தடிப்பா?”

அவருடைய பார்வை மகளின் மடியிலிருந்த படத்துக்குப் போய்விட்டு வந்தது. மறுபடியும் போயிற்று. கடைசியில் அதிலேயே நின்றுவிட்டது.

“தெரியலம்மா. தெனம் வெளக்கேத்தி இதத்தான பாக்கறேன். அவள நெனச்சா இந்தக் கண்ணுதான் வருது. மொத இருந்தது எங்க போச்சுன்னு தெரியல. பன்னெண்டு வருசம் குடும்பம் நடத்துனேன் நான்.”

தினேஸ்வரி அண்ணன் பக்கம் திரும்பினாள்.

“நீ சொல்லுண்ணே. பத்து வயசு ஒனக்கு. இது இல்ல, இது இல்லன்னு இவ்வளவு நாளும் சொன்னியே. அப்ப எது?”

“ஆஸ்பத்திரியில பஞ்சு வச்சுக் கட்டியிருந்தாங்க.”

“அதுக்கு முந்தி.”

“முந்தி, விடியறதுக்குள்ள வேலக்காட்டுக்குப் போயிருவாங்க. தலையில துண்டு. வந்தா கையெல்லாம் மருந்து வாசன அடிக்கும். என் தலைய இப்படித் தள்ளிவிட்டு, தொடாதடா, குளிச்சிட்டு வாரேன்னு…”

“கண்ணு, அண்ணே.”

கோகிலன் கண்ணை மூடிக்கொண்டான். நெற்றியைக் கையால் அழுத்தினான். அவன் உதடு இரண்டு முறை அசைந்து நின்றது.

தினேஸ்வரிக்குச் சட்டென்று உறைத்தது. அவன் எழுதிய முழுக் கதையும் அவளுக்கு மனப்பாடம். நவமணியின் இருமல் எப்படி, செருப்புச் சத்தம் எப்படி, உள்ளங்கைத் தழும்பு எந்தப் பக்கம், எல்லாம் எழுதியிருந்தான். கண்ணைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஆறு வருடத்தில் ஒரு வரி இல்லை.

“எனக்கும் வரலடா தினேஸ்,” என்றான் கோகிலன். சின்ன வயதில் அவளை ‘டா’ போட்டுத்தான் கூப்பிடுவான். “இது இல்லன்னு தெரியுது. அவ்வளவுதான் தெரியுது.”

பெற்ற தாயின் கண் எப்படி இருந்தது என்று சொல்ல அந்த வீட்டில் ஒரு ஆள் இல்லை. மீகோரேங் பொட்டலம் மூன்றும் பிரிக்காமல் ஆறிக்கொண்டிருந்தன. கேட்டதையே மாற்றி மாற்றிக் கேட்டார்கள். ஞாபகம் வருகிற மாதிரி இருந்து, கடைசியில் சட்டத்துக்குள் இருந்த கண்ணே வந்து நின்றது. மூன்று மணி, நான்கு மணி என்று நேரம் கரைந்தது. யாரும் அழவில்லை. அழக்கூடத் தெம்பில்லை என்பதுதான் உண்மை.

ஐந்து அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது நஸ்ரியா கூப்பிட்டாள். கோகிலன் ஸ்பீக்கரில் போட்டான்.

“கோகிலன், அட்டைய அனுப்பப் போறேன். யார் பேரு?”

அவன் மேசைமேல் கிடந்த யுகேந்திரனின் படத்தைப் பார்த்தான். அருமையான படம். அந்தக் குழி விழுந்த கண்ணும் யாரோ ஒருத்தியின் கண்தான் என்பது அவனுக்கு இப்போது தெரிந்தது.

“தினேஸ்வரி பேரு போடுங்க.”

“கண்ணு மாத்தியாச்சா?”

“இல்ல.”

“பின்ன?”

“யுகேந்திரன் போட்டதும் எங்கம்மா இல்ல.”

“சரி. பேரு போயிரும். திங்கக்கிழம காலையில ஒம்போது மணிக்கு எல்லாப் பக்கமும் என் கையில இருக்கணும். அதுக்கு மேல என்னால தாங்கமுடியாது,” என்று வைத்துவிட்டாள்.

பதினான்கு மாதம் தவம் கிடந்து கேட்ட வரம் கிடைத்துவிட்டது. கிடைத்த நேரத்தைப் பாருங்கள். தினேஸ்வரி பேனாவைப் பிடித்த கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணே, என்னால முடியாது. பெருசா போட்டா அந்த ஆளு பிரஷ்தான் வரும். சின்னதா போட்டா யாரோ வராங்க. இனிமே ஒரு கண்ணுகூட என்னால போடமுடியாது. போன் போட்டு என் பேர எடுக்கச் சொல்லு.”

“எடுக்க முடியாது. போயிருச்சு.”

“அப்ப புஸ்தகத்துல கண்ணே இல்லாம குடுக்கட்டுமா?”

அவன் பதில் சொல்வதற்குள் ராமையா வாயைத் திறந்தார்.

“செல்லாயிக்குத் தெரியும்.”

இரண்டு பேரும் திரும்பினார்கள். இத்தனை வருடத்தில் அந்தப் பெயரை அந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை.

“யாருப்பா?” என்றாள் தினேஸ்வரி.

“உங்கம்மாவோட ஒரே நெரையில மருந்தடிச்சவ. காலையில ரெண்டு பேரும் ஒருத்தி மூஞ்சிக்கு ஒருத்தி துண்டு கட்டிவிட்டுத்தான் மருந்துத் தோம்ப முதுகுல தூக்குவாளுங்க. பீடோர்லதான் இருக்கா, மக வீட்டுல.”

“இத்தன வருசம் ஏம்பா சொல்லல?”

ராமையா தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். “அன்னிக்கு மருந்து கலந்தவ அவ. அளவு தெரியாம கலந்துட்டான்னு வேல வாங்கற மண்டோர் சொன்னான். நானும் நம்பிட்டேன். சாவு வீட்டுக்கு வந்தவள உள்ள விடாம வாசலோட வெரட்டிவிட்டேன். அவ இந்தப் படத்தைப் பாத்ததே இல்ல.”

தினேஸ்வரி எழுந்துவிட்டாள். காலையிலிருந்து முதல் தடவையாக அவளுக்கு மூச்சு ஒழுங்காக வந்தது. இந்தப் படத்தைப் பார்க்காத ஒருத்தி. அசல் கண்ணை மறக்கடிக்க எந்தப் படமும் இல்லாத ஒருத்தி. அச்செடுத்து வைத்திருந்த தன் பக்கங்களை அள்ளினாள், யுகேந்திரனின் படங்களை அள்ளினாள், மேசை இழுப்பறையிலிருந்து வெள்ளைத் தாள் ஒரு கட்டு எடுத்தாள்.

“போலாம் அண்ணே. ஒரு மணி நேரத்துல போயிரலாம். நான் போட்டது, அவரு போட்டது, எல்லாத்தையும் காட்டுவோம். அங்கேயே உக்காந்து புதுசா போடறேன். அவங்க பாத்து எது சரின்னு சொல்லட்டும்.”

கோகிலன் கார் சாவியைத் தேடினான். ராமையா மட்டும் இடத்தைவிட்டு அசையவில்லை.

“காட்ட முடியாதும்மா.”

“ஏன், நம்மகூடப் பேசமாட்டாங்களா?”

“பேசுவாளோ மாட்டாளோ. அவளுக்குக் கண்ணு தெரியாது. அதே காத்துதான், அதே காலையிலதான் போச்சு. அவ கடைசியா பாத்தது உங்கம்மா மூஞ்சிய.”

கோகிலன் சாவியோடு திரும்பி அப்பாவைப் பார்த்தான்.

“கண்ணு போனவங்களையா வாசல்ல நிக்கவச்சு வெரட்டுனீங்க?” என்று கேட்டாள் தினேஸ்வரி.

ராமையா சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, வெளியே போய்க் காரின் முன்சீட்டில் உட்கார்ந்தார். தினேஸ்வரி கையிலிருந்த தாள்களையெல்லாம் மேசைமேல் வைத்துவிட்டு, வெறுங்கையோடு அவர் பின்னால் போனாள்.